பெயர் – கேள்வித்தாள் – தன்னிலை: முத்துக்குளித்துறையிலிருந்து சில குறிப்புகள்

1

கீழவைப்பாரில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் கைபேசியை நீட்டி, ‘மாமா, இதுல எதப் போட்டா எடுப்பாங்க?’ என்று கேட்டாள். வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு நிறுவனம் நடத்துகிற ஆளுமைத் தேர்வு அது. விருந்துக்குப் போனால் புதியவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, தெரிந்தவர்களோடு மட்டும் இருப்பீர்களா என்கிற மாதிரி வரிசையாகக் கேள்விகள். இதில் சரி, தவறு கிடையாது, மனதில் பட்டதைக் குறியுங்கள் என்று மேலே போட்டிருந்தது. சரி தவறு இல்லாத தேர்வில் எதைப் போட்டால் எடுப்பார்கள் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு, அது என்ன வகையான பிரதி என்பது நன்றாகவே புரிந்திருந்தது. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சிக்காக அவள் இன்னும் இரண்டைப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று, பதினாறு வகை மனிதர்களில் நீங்கள் எந்த வகை என்று சொல்வது. மற்றது, குடும்பப்பெயரைக் கொடுத்தால் அதன் மூலத்தையும் அந்தப் பெயருடையவர்களின் இயல்பையும் சொல்வது. பர்னாந்து என்று கொடுத்ததற்குத் ‘துணிந்து பயணம் போகிறவன்’ என்று வந்ததாம். எங்கள் தெருவில் வரிசையாக நாலு வீடு பர்னாந்துதான். நாலு வீட்டிலும் துணிந்தவர்கள் உண்டு, பயந்தவர்களும் உண்டு. பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, ஒரு காலத்தில் சங்கு குளித்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: ‘பேருக்கு என்னல அர்த்தம்? கூப்புட்டா திரும்புறதுக்குத்தான் பேரு.’

இரண்டையும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மூன்றாவதாக இருந்த அந்த வேலைத் தேர்வு பொழுதுபோக்கு இல்லை. விளையாட்டுக்குக் கேட்ட அதே கேள்விகளைத்தான் சம்பளத்துக்கும் கேட்டார்கள். போதாக்குறைக்கு விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் கட்டாயம். அதற்கு முன் ஒரு நேர்காணலில் ‘பர்னாந்தா, நீங்க கோவாவா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை, விளாத்திகுளம் பக்கம்’ என்றிருக்கிறாள். கேட்டவர் நம்பாதமாதிரி பார்த்தாராம்.

பெயர் ஒன்றைச் சொல்கிறது, அது போதாமல் கேள்வி வருகிறது. இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்று யோசித்ததில் எழுதிய குறிப்புகள் இவை.

2

பெயர்மூலப் பட்டியல்கள் எப்படிச் செயல்படுகின்றன என்று முதலில் பார்க்கலாம். பெர்னாண்டஸ் என்பது பெர்னாண்டோவின் மகன், அதாவது துணிந்து பயணம் போகிறவனின் மகன். பெரேரா பேரிக்காய் மரம். மச்சாடோ கோடரி. லோபோ ஓநாய். கர்டோசா முட்செடி மண்டிய இடம். சொற்பொருள் அளவில் இவை சரிதான். ஆனால் உடைமரமும் பனையும் உப்பளமும் நிற்கிற வைப்பாற்று முகத்துவாரத்துக்குப் பேரிக்காய் மரம் எப்படி வந்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. பெர்னாண்டோ என்பதே ஐபீரியாவை வென்று ஆண்ட ஜெர்மானியக் குடிகளோடு வந்த பெயர். போர்ச்சுக்கீசியருக்கே அது தங்களை வென்றவர்கள் விட்டுப்போன பெயர்தான். மூலம் என்று ஒன்றைத் தோண்டப்போனால் அதற்கடியில் இன்னொரு படையெடுப்பு கிடக்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்கிற பிரிவு தெரியும். பட்டியல் செய்யும் வேலை, இட்டு வழங்கிய பெயரைக் காரணப்பெயராக மாற்றி, காரணத்தை அந்த ஆளின் குணத்துக்குள் கொண்டுபோய் வைப்பது. எங்கள் கடற்கரையில் பெயருக்குக் காரணம் உண்டு. அது ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

1530-களில் முத்துக்குளிப்பின் மீதான ஆதிக்கத்துக்காகப் பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மோதல் நடந்தது. கோழிக்கோட்டுக் குதிரை வணிகரான ஜான் த குரூஸ் யோசனை சொல்ல, பரவர் தூதுக்குழு கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. அதற்கு ஈடு மதமாற்றம். 1535-க்கும் 1537-க்கும் இடையில் வேம்பார், வைப்பார் தொடங்கி மணப்பாடு வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தச் சண்டையை இன்றைக்கு மதச்சண்டையாக வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கடல்படுபொருள் யாருக்கு என்பதற்காக நடந்த சண்டை.

சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். 1544 கடைசியில் திருவாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததையும், ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததையும் 1545 ஜனவரிக் கடிதத்தில் அவரே எழுதுகிறார். அந்தச் சீட்டை வாங்கியவர்களில் எத்தனை பேரால் அதை வாசிக்க முடிந்திருக்கும்? கையில் பெயர் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். தன்னிலை பற்றிய கோட்பாட்டுக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டுத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் ஆதிக்கம் இட்ட முத்திரை என்று சொல்லி இதை முடித்துவிடவும் முடியாது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கத்தை விட்டுத் தங்கள் சபைக்கு வரச்சொல்லி நெருக்கினார்கள். பெரும்பாலான பரவர்கள் போகவில்லை. டச்சுப் பெயர்கள் இந்தக் கரையில் நிலைக்கவுமில்லை. ஆட்சி மாறியும் பெயர் மாறவில்லை என்றால், ஒரு நூற்றாண்டுக்குள் அது சாதியின் கட்டுக்கோப்புக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருள். சாதித்தலைவர்கள் ‘தொன்’ என்ற போர்ச்சுக்கீசியப் பட்டத்தையும் பாண்டியன் என்ற பட்டத்தையும் ஒரே பெயருக்குள் வைத்துக்கொண்டார்கள். மேசை என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லே சாதிக்குள் ஒரு கோட்டையும் போட்டது: மேசைக்காரர் ஒரு பக்கம், கடலில் இறங்குகிற கம்மாரக்காரர் மறுபக்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் முத்து யார் வீட்டுக்குப் போனது என்பது வேறு கணக்கு. 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. முத்து போனது, பெயர் இருக்கிறது.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் (2004) தொம்மந்திரை, கோத்ரா என்று பெயர்கள் வரும். அவற்றை அந்நியப் பெயர்களாக எங்கள் ஊரில் யாரும் வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெயராகத்தான் வாசித்தார்கள். அந்தப் பெயர் ஐரோப்பாவைக் காட்டுகிறதா தெரியாது, கடற்கரையைக் காட்டிவிடும். தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் ‘பர்னாந்து’ என்று சொன்னவுடன் உங்கள் சாதி, தொழில், மதம் மூன்றும் எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

3

இனி கேள்வித்தாள். இந்தக் கரைக்கு அது வேலைவாய்ப்பு நிறுவனங்களோடு வந்ததில்லை.

அண்டிரிக்கி பாதிரியார் என்று நாம் சொல்கிற ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்து தமிழ் கற்றவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. தமிழ் அச்சு வரலாறு என்றால் நாம் அங்கே தொடங்கி, பெருமைப்பட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். 1580-இல் கொச்சியில் அவர் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பற்றி அதிகம் பேசுவதில்லை. அது பாவசங்கீர்த்தனக் கையேடு. பாவங்களை வகைப்படுத்தி, என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று ஒருவரைத் தன்னைத்தானே விசாரித்துச் சொல்லவைப்பதற்கான நூல். தமிழில் அச்சேறிய முதல் கேள்வித்தாள் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. அது எங்கள் பாட்டன் பூட்டனுக்காகத் தயாரிக்கப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது? சாதி முழுவதும் ஞானஸ்நானம் வாங்கியாயிற்று, எல்லாருக்கும் கிறித்தவப் பெயர் உண்டு. எல்லாரும் கிறித்தவர் என்று ஆனபின், யார் உண்மையான கிறித்தவர் என்பதைப் பெயர் சொல்லாது. அந்த இடத்தில்தான் கேள்வி நுழைகிறது. பாவசங்கீர்த்தனம் உள்ளே இருக்கிற உண்மையை வெளியே எடுக்கவில்லை, ‘உள்ளே’ என்ற ஒன்றையே அது தயாரிக்கிறது என்று ஃபூக்கோ 1976-இல் ‘பாலியல் வரலாறு’ முதல் தொகுதியில் விவாதித்ததை நாம் பாரீஸ் விஷயமாகவே படித்தோம். அதற்கான தமிழ் ஆவணம் புன்னைக்காயலிலிருந்தும் வைப்பாரிலிருந்தும் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஹென்ரிக்கஸ் யூத வம்சாவளியில் வந்த ‘புதுக்கிறித்தவர்’. அந்தக் காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு சேசுசபைக்கு வந்தவர். 1497-இல் போர்ச்சுக்கல் தன் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்வித்தது. அவர்களும் ரொட்ரிகஸ், ஹென்ரிக்கஸ் என்று ஊரார் வைத்திருந்த பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். பெயரைக் கொண்டு புதியவரையும் பழையவரையும் பிரிக்கமுடியாமல் போனது. 1536-இல் போர்ச்சுக்கலில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. உன் தாத்தா யார், சனிக்கிழமை அடுப்பு மூட்டினாயா, பன்றிக்கறி தின்றாயா என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டைப் பாருங்கள். வைப்பாரில் ஒருவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், லிஸ்பனில் அந்தப் பெயரை நம்பாமல் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வம்ச விசாரணையில் தோற்ற ஒருவர்தான் எங்களுக்கான கேள்விகளைத் தமிழில் ஆக்கினார். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. கேட்கப்பட்டவனே கேட்கிறவனாகவும் ஆகிறான் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஆகவே என் கருத்து இது: பெயரால் ஆட்களைப் பிரிக்கமுடியாமல் போகிற இடத்தில் கேள்வித்தாள் பிறக்கிறது. எந்தக் கேள்வித்தாளைக் கண்டாலும் ‘நான் யார்’ என்று அதனிடம் கேட்பதற்குமுன், யார் யாரைப் பிரிப்பதற்காக இது எழுதப்பட்டது என்று கேட்கவேண்டும்.

4

நவீன ஆளுமைத் தேர்வுகளுக்கு இது பொருந்துகிறதா என்று பார்ப்போம். முதல் ஆளுமைக் கேள்வித்தாள் என்று பாடநூல்கள் சொல்வது, முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வுட்வொர்த் தயாரித்தது. வரிசையில் நிற்கும் ஆட்களில் குண்டுச் சத்தத்தில் மனம் உடையக்கூடியவர் யார் என்பது சீருடையில் தெரியாது, பெயரிலும் தெரியாது. எனவே கேள்விகள். அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. கேள்வித்தாள் முடியவில்லை, தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போயிற்று.

அக்கா மகள் பார்த்த பதினாறு வகை, மயர்ஸ்–பிரிக்ஸ் வகைக்காட்டியின் வழிவந்தது. 1921-இல் வந்த யுங்கின் உளவியல் வகைகள் நூலைக் கேதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் எடுத்துக்கொண்டு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேள்வித்தாளாக்கினார்கள். ஆண்கள் போருக்குப் போக, வேலைக்கு வந்த பெண்களை யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது அதன் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று. நான்கு இரட்டைகள், அதனால் பதினாறு கட்டங்கள். மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கிறார்கள். தேர்வு நடுவில் கத்தியை வைத்து வெட்டுகிறது. அதனால் சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் வேறு கட்டத்தில் விழுவது சாதாரணம்.

அப்படியானால் வாசிக்கிறவர்களுக்கு ‘அட, நம்மைப்பற்றி அப்படியே சொல்லியிருக்கிறானே’ என்று ஏன் தோன்றுகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் ஒரே தாள். கடைத்தெருவில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள். வழக்கமாக இதைச் சொல்லி மக்களின் ஏமாளித்தனத்தைச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே சிரித்தாலும் உள்ளே கவலைப்படுகிறவர், திறமை இருந்தும் முழுதாகப் பயன்படுத்தாதவர் என்று நம்மைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து சொல்வது வாழ்க்கையில் எத்தனை முறை நடக்கிறது? விசாரிக்கப்படுவதற்கும் அக்கறையோடு விசாரிப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கேள்வித்தாளின் கவர்ச்சி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

விளையாட்டுத் தேர்வு புகழ்கிறது. வேலைத் தேர்வு அதே குரலில் வடிகட்டுகிறது. முன்னதில் பழகிய நாக்கு பின்னதில் உண்மை பேசிவிடக்கூடும் என்று அந்தப் பிள்ளை பயந்தாள். அந்தப் பயம் சரியானது.

5

ஊரில் எங்கள் வீட்டுக்குக் ‘கொழும்பான் வீடு’ என்று பேர். பூட்டன் தோணியில் கொழும்புக்குப் போய் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒரே குடும்பப்பெயர் பலருக்கு இருக்கும்போது தபால்காரருக்கே பட்டப்பெயர்தான் உதவும். அந்தக் கொழும்பில் பெர்னாண்டோவும் பெரேராவும் டி சில்வாவும் பெரும்பாலும் சிங்களவர் பெயர்கள். அதே கப்பல்கள் அங்கேயும் போயின. தூத்துக்குடிக் கரையிலிருந்து போய்த் தங்கியவர்களும் அங்கே பெர்னாண்டோதான். இவர்களில் ஒரு பிரிவினரை 2001 இலங்கைக் கணக்கெடுப்பு ‘பரத’ என்று தனி இனமாகப் பதிந்தது.

பெயரும் முகமும் ஆளைக் காட்டிக்கொடுக்காத அந்த நாட்டில் 1983 ஜூலையில் என்ன நடந்தது? பேருந்தை நிறுத்தி ஏறியவர்கள் பயணிகளை ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள் என்று சாட்சியங்கள் இருக்கின்றன. சிங்களத்தில் வாளிக்கு ‘பால்திய’. மொழிமுதலில் பகரத்தை அதிர்வொலியாகத் தமிழ் நாக்கு இயல்பாகச் சொல்லாது. எம்.ஏ. வகுப்பில் ஒலியியல் பாடமாக நாங்கள் படித்தது அது. அந்தப் பாடத்துக்காக ஆட்கள் கொல்லப்பட்டார்கள். பால்திய என்ற அந்தச் சொல்லும் போர்ச்சுக்கீசியம்தான். பெர்னாண்டோ வந்த அதே கப்பலில் வந்தது. ஒரே ஒரு கேள்வி, சரி தவறு உள்ள தேர்வு.

இதை அயல்நாட்டுக் கொடூரம் என்று வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கமுடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் அது, அதன் பெருமையைக் குறைக்க நான் எழுதவில்லை. ஆனால் பெயரிலிருந்து சாதி போன இடத்தில் நம் ஊரில் ஒரு வாய்மொழிக் கேள்வித்தாள் வந்து உட்கார்ந்ததா இல்லையா? சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எங்க, பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? அப்பா என்ன பண்றாங்க? உங்க கும்பிடுசாமி எது? நாலு கேள்வியில் ஆள் எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். மயர்ஸ் அம்மையாருக்குக்கூட இத்தனை சிக்கனம் கைவரவில்லை. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது புதிதாக எழுத வந்தவரைப் பற்றி, ‘அவர் யாரு?’ என்று நாம் ஒருவரையொருவர் கேட்கிறோம். அந்த ‘யாரு’வுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நானும் கேட்டிருக்கிறேன்.

6

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். அடையாளத்தையெல்லாம் ஆதிக்கத்தின் கட்டம் என்று சொல்லிவிட்டால், ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட வரலாறு என்னவாகும்? 1922-இல் எம்.சி. ராஜாவின் தீர்மானத்தை ஏற்று சென்னைச் சட்டமன்றம் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை வழங்கச் சொன்னதும், பின்னாளில் ‘தலித்’ என்ற சொல் எழுந்ததும் கட்டத்துக்குள் விழுவதற்காகவா? இல்லை. அந்தப் பெயர்கள் ஒருவருடைய குணத்தைச் சொல்வதாகப் பாவனை செய்யவில்லை. எங்களுக்கு என்ன நடந்தது, நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லின. அவற்றின் முன்னால் ‘நாம்’ இருந்தது. பதினாறில் நீ எது என்பதற்கு முன்னால் ஒற்றை ஆள்தான் இருக்கிறான், பக்கத்தில் யாருமில்லை. ஒரே கட்டத்தில் விழுந்த இரண்டு பேர் சேர்ந்து சம்பளம் கூட்டிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் சாதிக்குள் நடக்கும் மூலத்தேடலையும் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன். 1837-இலேயே சைமன் காசிச்செட்டி பரவரின் தோற்றம் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து பாண்டியர் என்றும் பரதவம்சம் என்றும் தேடல் ஓயவில்லை. பர்னாந்துவைக் கழற்றிவிட்டுப் பாண்டியனை மாட்டிக்கொண்டால் என்ன கிடைக்கும்? அரச வம்சத்தில் கம்மாரக்காரனுக்கு என்ன இடம்? துணிந்து பயணம் போகிறவன் என்ற புகழ்ச்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கொச்சிக்குப் போன தூதுக்குழு எங்கள் முன்னோர்கள் சேர்ந்து எடுத்த முடிவு. பிழையோ சரியோ, அதில் பேரம் இருந்தது, பயம் இருந்தது, கடல்மேல் உரிமை கேட்ட குரல் இருந்தது. பர்னாந்து என்ற பெயரில் நான் வாசிக்க விரும்புவது அதைத்தான்.

பட்டப்பெயரைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. கொழும்பான் வீடு என்பது கௌரவமாக இருக்கிறது. நொண்டி, கருவாடு என்று தலைமுறை தலைமுறையாகக் குத்துகிற பட்டங்களும் அதே வாயிலிருந்துதான் வருகின்றன. அக்காவுக்கு ஒரு பட்டமும் இல்லை, இன்னார் வீட்டுக்காரி அவ்வளவுதான். ஆனால் அதில் ஒன்று உண்டு: வைத்தவன் யார், எப்போது, எதற்கு என்பது ஊருக்குத் தெரியும். சண்டையும் போடலாம். கேள்வித்தாளோடு அப்படிச் சண்டை போடமுடியாது, எதிரில் ஆளில்லை.

அக்கா மகள் கடைசியில் என்ன செய்தாள்? வேலை விளம்பரத்தை மறுபடி வாசித்து, அவர்கள் எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அந்த ஆளாக இருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டாள். ‘பொய்தான மாமா?’ என்றாள். சரி தவறு இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்களே என்றேன். முடிவு இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நான் எழுதத் தொடங்கியபோது குடும்பப்பெயரை விட்டுவிட்டேன். சாதி ஒழிப்பு என்று நண்பர்களிடம் சொன்னேன். அதைப் போட்டால் ‘கடற்கரை எழுத்து’ என்ற கட்டத்தில் தூக்கிப்போட்டு, மீன், வலை, பாதிரியார் பற்றி மட்டும் எழுதச் சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. இப்போது யோசித்தால் இரண்டில் எது எவ்வளவு என்று என்னால் பிரிக்கமுடியவில்லை. இந்தக் கட்டுரைக்கு மேலும் அந்தப் பெயர் இல்லை. அடுத்ததில் போடலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். ‘போடு. கூப்புட்டா திரும்பணும், அவ்வளவுதான்’ என்றார். கூப்பிடப்போவது யார் என்பதுதான் தெரியவேண்டும்.